பத்துக்கு நான்கு

அன்புள்ள ஐயா,

ஒன்பது ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தன் ஆசிரியையைப் பற்றிப் பேசாமல் அவள் சாப்பிட உட்கார்ந்த நாளே இல்லை. ஆனால் நண்பர்களைச் சந்தித்தால் முதல் கேள்வியே, “இன்னும் அந்தப் பள்ளி மாவட்டத்திலா இருக்கிறீர்கள்?” என்பதுதான். இணையத்தில் எங்கள் பள்ளிக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண். பக்கத்து மாவட்டப் பள்ளிக்கு ஒன்பது. இங்கே பெரும்பாலும் குடியிருக்கும் பள்ளி மாவட்டத்தை வைத்துத்தான் அரசுப் பள்ளி கிடைக்கும். அங்கே வீடு வாங்கினால் எங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி கடனுக்கே போய்விடும். பணத்தைப் பார்த்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கெடுக்கிறோமோ என்று தூக்கம் வரவில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்களிடம் அப்படிக் கேட்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளிக்குள் காலடி வைத்திருக்கிறார்கள்? முதலில் இதை விசாரியுங்கள்.

2023இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், நாட்டின் பள்ளிக் கல்வி திருப்தி தருகிறது என்று சொன்ன அமெரிக்கர்கள் 36 சதவீதம்தான். தம் பிள்ளை பெறும் கல்வியில் திருப்தி என்று சொன்ன பெற்றோரோ 76 சதவீதம். தூரத்தில் இருப்பவர்கள் காதில் விழுந்ததை வைத்துப் பேசுகிறார்கள். பெற்றோர் அன்றாடம் வீடு திரும்பும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் இரண்டாவது வகை.

அந்தப் ‘பத்துக்கு நான்கு’ போன்ற கணக்குகளில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தேர்வுகளின் சராசரி மதிப்பெண், பள்ளியைவிடக் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. மாணவரின் தேர்ச்சியில் குடும்பப் பின்னணிக்கே பெரும் பங்கு என்று 1966லேயே அமெரிக்க அரசுக்காகச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தயாரித்த அறிக்கை சொல்லிவிட்டது. பள்ளியில் சேருமுன்பே வீட்டில் நூறு புத்தகங்களைப் புரட்டிய குழந்தையும், பெற்றோர் இரண்டு வேலை பார்ப்பதால் தனியே வளர்ந்த குழந்தையும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். பள்ளி என்ன செய்தது என்று அறிய வேண்டுமானால், அதே பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்க வேண்டும்.

சிகாகோவைப் பாருங்கள். 1987இல் அன்றைய மத்தியக் கல்விச் செயலர் வில்லியம் பென்னட், நாட்டிலேயே மிக மோசமானவை சிகாகோ பள்ளிகள் என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வோ, அங்கே மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் மாணவர்கள் ஆறு ஆண்டுக்கான முன்னேற்றம் கண்டதாகக் காட்டியது. சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர் கண்ணில் இது பட்டிருக்காது.

என்னை உண்மையிலேயே வருத்துவது இதன் மறுபக்கம். மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகத் தரப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். வீட்டு விலை ஏறினால் வசதி குறைந்தவர்கள் உள்ளே வர முடியாது. சராசரி இன்னும் உயரும். சொத்து வரியை நம்பிப் பள்ளிகள் நடப்பதால் நிதியும் அங்கேதான் சேரும். இந்த ஏற்றத்தாழ்வு அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று 1973இல் டெக்சஸ் பள்ளி நிதி பற்றிய ரோட்ரிகஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு பள்ளி மாவட்டம் மோசம் என்ற பேச்சு, இப்படித்தான் மெல்ல மெல்ல அதை மோசமாக்குகிறது.

அதற்காக உங்கள் மகளைக் கொள்கைக்குப் பலியிடச் சொல்ல மாட்டேன். பள்ளி உண்மையிலேயே தளர்ந்திருந்தால் தயங்காமல் கிளம்புங்கள். அதற்கு முன் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். சென்ற ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், வாசிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு யார் எப்போது உதவுகிறார்கள், வேகமாகப் படிக்கும் குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று முதல்வரிடம் கேளுங்கள். 2015இல் வந்த மத்தியக் கல்விச் சட்டப்படி உங்கள் மாநிலம் பள்ளிதோறும் வெளியிடும் அறிக்கையில் மாணவர் முன்னேற்றத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு மாணவருக்கு ஆகும் செலவும் அதில் இருக்கும். மகள் ஓயாமல் பேசும் அந்த ஆசிரியையின் வகுப்பிலும் அனுமதி பெற்று அரைமணி நேரம் உட்காருங்கள்.

பார்த்துவிட்டு வந்து எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.