ஏ6400-க்கு ஊர் சுற்ற ஒரே லென்ஸ்: 18-135 ஆ, 18-300 ஆ?

திருப்பூர்ல இருக்கீங்க, சோனி ஏ6400 கேமராவும் கூட வந்த 16-50 மில்லிமீட்டர் லென்ஸும் இருக்கு (எண் சின்னதா இருந்தா அகலமாத் தெரியும், பெருசானா தூரத்தைக் கிட்ட இழுக்கும்), வால்பாறைக்கும் பேரூர் கோயிலுக்கும் அந்தியூர் சந்தைக்கும் சேர்த்து ஒரே லென்ஸ் வேணும்னு கேட்டிருக்கீங்க. சோனி 18-135-ஐ வாங்குங்க. பறவையும் காட்டு விலங்கும் எடுக்கறதுதான் பாதி வேலைன்னா மட்டும் டாம்ரான் 18-300.

“ஆல் இன் ஒன் எல்லாம் சரிப்படாது, பிரைம் ரெண்டு வாங்கு”ன்னு கீழே எழுத வர்றவங்களுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். பிரைம், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், கூர்மையா இருக்கும், மறுக்கலை. ஆனா ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற காத்துல, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில குதிரையும் காங்கேயம் மாடும் கிளப்பற புழுதிக்கு நடுவுல லென்ஸைக் கழட்டிப் பாருங்க. இந்த கேமராவுல சென்சாரை மறைக்கிற மிரர் உள்ளே கிடையாது. லென்ஸ் வெளியே வந்ததும் சென்சார் காத்துக்குத் திறந்தே நிக்கும். அந்த இடத்துல ஒரே லென்ஸ்தான் சரியான முடிவு, சோம்பேறித்தனம் இல்லீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க பழைய படங்களை எண்ணுங்க. கம்ப்யூட்டர்ல ஃபோல்டரைத் திறந்து, விவரப் பட்டியல்ல ஃபோக்கல் லெங்த்ங்கற (அந்த மில்லிமீட்டர் எண்தான்) பத்தியைச் சேர்த்து வரிசைப்படுத்துங்க. பாதிக்கு மேல 50-லயே முட்டி நிக்குதுன்னா தூரம் பத்தலைன்னு அர்த்தம், 135 போதும். 50-ஐ விட 2.7 மடங்கு கிட்ட இழுக்கும். பெரும்பாலானது 16-ல நிக்குதுன்னா கவனமா இருங்க, ரெண்டு லென்ஸும் 18-லதான் ஆரம்பிக்குது. 16-க்கும் 18-க்கும் ரெண்டே மில்லிமீட்டர்னு தோணும், பார்வைக் கோணத்துல சுமார் 7 டிகிரி போயிடும். பிரகாரத்துல பின்னாடி நகர இடமில்லாதப்ப அது தெரியும். 16-50-ஐ வித்துடாதீங்க, 116 கிராம்தான், பையில கிடக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். எஃப் எண் ஏற ஏற லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சம் குறையும். ரெண்டுமே 18-ல எஃப் 3.5. முழுசா இழுத்தா 18-135 எஃப் 5.6-க்கும் 18-300 எஃப் 6.3-க்கும் போயிடும். 3.5-ல இருந்து 6.3-க்குப் போனா வர்ற வெளிச்சம் மூணுல ஒரு பங்குக்கும் கீழே. பேரூர்ல தூண் சிற்பத்தை 18-ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சாரோட உணர்வு, ஏத்தினா படத்துல புள்ளி கூடும்) 1600-ல எடுக்க முடிஞ்சா, 300-ல அதே ஷட்டருக்கு 5000 தாண்டும். சிற்பம் நகராது, அதனால ஷட்டரை மெதுவாக்கி, கை நடுக்கத்தைச் சரிக்கட்டற ஸ்டெபிலைசரை நம்பலாம். பறக்கிற இருவாச்சிப் பறவைக்கு அது உதவாது; ஷட்டர் 1/1600 நொடி வேணும். மேகம் மூடின வால்பாறையில அதுக்கு ஐஎஸ்ஓ எங்கே போகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

ஸ்டெபிலைசர்னதும் ஒரு எச்சரிக்கை. ஏ6400 பாடியில அது கிடையாது, லென்ஸ்ல இருந்தாகணும். டாம்ரான் 28-200 நல்ல பேர் வாங்கின லென்ஸ், எஃப் 2.8-ல ஆரம்பிக்குது, அதைப் பாத்து ஆசைப்படாதீங்க. அதுல ஸ்டெபிலைசர் இல்லை. அதோட உங்க சென்சார் சின்னது, 28 போட்டா ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுல 42 மாதிரிதான் தெரியும், வீட்டு விசேஷத்துல ஒரு குடும்பத்தை ஃப்ரேமுக்குள்ள நிறுத்தறதே பெரும்பாடு.

எடை: பாடி 403, 18-135 325, மொத்தம் 728 கிராம். 18-300 மட்டுமே 620, சேர்த்தா ஒரு கிலோவைத் தாண்டும். கழுத்துல நாள் முழுக்க மாட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாட்டியும் இதைச் சொல்லாம விட முடியலை. வால்பாறை புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கைக் கிட்ட வரவைக்க பிஸ்கட்டும் சிப்ஸும் வீசறாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கேயும் இயற்கையா இல்லாத உயிர். தீனிக்குப் பழகி ரோட்டுக்கு வந்தா வண்டியில அடிபடும். கிட்ட வேணும்னா 18-300-ஐ வாங்குங்க, பிஸ்கட் பொட்டலத்தை எடுக்காதீங்க.

கடையில சோதிக்காம பில் போடாதீங்க. ஒரு முழு நியூஸ்பேப்பரைச் சுவத்துல சுருக்கமில்லாம ஒட்டச் சொல்லுங்க. கேமராவை அதுக்கு நேரா, சாயாம வெச்சு, 18, 50, கடைசி எண் மூணுலயும் எஃப் 8-ல எடுத்து, நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க. நாலும் ஒரே அளவு மங்கலா இருந்தா அது லென்ஸோட சுபாவம். ஒரு மூலை மட்டும் கரைஞ்சிருந்தா உள்ளே கண்ணாடி நேரா உக்காரலை, வேற பீஸ் கேளுங்க. கூடவே தலையில கட்டற விலை குறைஞ்ச யூவி ஃபில்டரை வேண்டாம்னு சொல்லிடுங்க. இழுத்த முனையில கூர்மையை முதல்ல கெடுக்கறது அதுதான். லென்ஸ் முனையில மாட்டற ஹூட் போடுங்க, போதும்.

ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துல உச்சி வெயில்ல 300-ல எடுத்த படம் கலங்கலா இருந்தா லென்ஸைத் திட்டாதீங்க, ஏரி மேல நடுங்கற சூட்டுக் காத்து அது. காலையில 8 மணிக்குள்ள எடுங்க. சந்தையில இருந்து வந்ததும், நீட்டின குழாயை உள்ளே தள்றதுக்கு முன்னாடி ப்ளோயரால (கையால அமுக்கிக் காத்து ஊதற ரப்பர் பந்து) ஊதிடுங்க, இல்லாட்டி புழுதியும் சேர்ந்தே உள்ளே போகும். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏசி கார்ல ஏறிட்டு, மேலே இறங்கின உடனே கேமராவை எடுக்காதீங்க. மூடின பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும், கண்ணாடியில நீர் கோக்காது.