கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்பனை வேலை எப்படி இருக்கும்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடை கவுண்டரில் நிற்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் வருகிறார்கள். எனக்குச் சோறு போடுவது ஞாபகசக்தி. மெக்கானிக் போனில், "ஸ்விஃப்டுக்கு பிரேக் பேட் ஒரு செட் அனுப்புங்கண்ணே" என்பார். எந்த வருஷ மாடல், பெட்ரோலா டீசலா என்று கேட்காமல் அனுப்பினால் சாயங்காலமே திரும்பி வந்துவிடும். சந்தேகம் வந்தால் ஆர்சி புக்கில் இருக்கும் 17 இலக்க சேசிஸ் நம்பரை வாங்கி, கேட்லாக்கில் பார்ட் நம்பரைத் தேடுவேன். பழைய கிளட்ச் பிளேட்டையே கையில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. புதியதை அதன்மேல் வைத்து அளவு பார்த்து, நடுவிலுள்ள பற்களை எண்ணிவிடலாம்.

நாள் முழுக்க நிற்க வேண்டும், கால் வலிக்கும். அதைவிட, ஒர்க்‌ஷாப்களில் கடன் பாக்கி வசூலிப்பதுதான் பெரிய பாடு.

அப்புறம், பிரேக், ஸ்டீயரிங் சாமான்களில் விலை குறைவென்று போலியைத் தள்ளச் சொல்லும் கடையில் சேராதீர்கள். அந்தக் காரில் குழந்தைகளும் போவார்கள்.

ஆறு மாதம் பொறுத்துக்கொண்டால் ரேக்கில் எது எங்கே என்று கைக்கே தெரிந்துவிடும்.