ஓட்டுநரின் கவனச்சிதறலைக் கண்களை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சாலையை விட்டுப் பார்வை விலகுவதைக் கண்டுபிடிப்பது எளிது. அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா பொருத்தி நடத்திய ஆய்வில், 2 வினாடிக்கு மேல் பார்வை விலகினால் விபத்து அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாவது தெரிந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, கண் சாலையிலும் மனம் வேறெங்கோவும் இருக்கும் நிலைதான். செல்போனைக் கையில் பிடிக்காமல் பேசினாலும் இது நேரும். அப்போது பார்வை நேர் எதிரே குவிந்துவிடுகிறது; பக்கக் கண்ணாடிகளைப் பார்ப்பது குறைகிறது. கண்ணெதிரே வரும் பாதசாரிகூட மனதில் பதியாமல் போகலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் புதிய மாடல் கார்களில் கவனச்சிதறல் எச்சரிக்கை அமைப்பைக் கட்டாயமாக்கியது. விலகும் பார்வையை அது பிடித்துவிடும். அலையும் மனதைப் பிடிப்பது இன்னும் கடினம்.