பையனை அதே வகுப்பில் இன்னொரு வருடம் வைக்கலாமா?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறான். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். ஒரு பத்தி முடிவதற்குள் களைத்துவிடுகிறான். "இன்னொரு வருடம் இதே வகுப்பில் இருக்கட்டும், அடிப்படை கெட்டியாகும்" என்கிறார் வகுப்பாசிரியை. என் கணவருக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆல்பாஸ் போட்டுப் போட்டே பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, வகுப்பாசிரியையிடம் முதலில் ஒன்று கேளுங்கள். அந்த இன்னொரு வருடத்தில் பையனுக்குப் புதிதாக என்ன கிடைக்கப் போகிறது? இதற்குத் தெளிவான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். அதே புத்தகம், அதே பாடம், அதே நெரிசலான வகுப்பு என்றால் நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு இருபது வருடங்களுக்கு மேல் பாடம் எடுத்துவருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுவருடம் முதல் மாதமே கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்னாள். பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். நானும் மகிழ்ந்து போனேன். ஒருநாள் வேறொரு கதைப் புத்தகத்தை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. நான்கு சொல்லைக்கூட அவளால் வாசிக்க முடியவில்லை. பாடம் முழுக்க மனப்பாடமாகியிருந்தது, அவ்வளவுதான். அவளுடைய சிக்கல் முதல் வகுப்பில் இருந்தது. கொம்பும் காலும் சேரும்போது எழுத்தின் ஓசை எப்படி மாறுகிறது என்பதே பிடிபடவில்லை. மூன்றாம் வகுப்புப் பாடத்தை எத்தனை முறை திரும்ப நடத்தினாலும் அது சரியாகியிருக்காது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை வருடாவருடம் மேலே தள்ளிவிடுவது பெரிய அநியாயம். இந்த விவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்திவைக்க இடம் கொடுத்தார்கள். ஜப்பானிலும் நார்வேயிலும் கட்டாயக் கல்வி முடியும்வரை பிள்ளைகள் தம் வயதுக்காரர்களோடே மேலே போகிறார்கள். பெல்ஜியத்தில் ஒரே வகுப்பை இரண்டுமுறை படித்தவர்கள் ஏராளம். ஆக, நிறுத்துவதால் மட்டும் எந்த நாடும் முன்னுக்கு வந்துவிடவில்லை, நிறுத்தாததால் மட்டும் கெட்டுப்போகவும் இல்லை.

நிறுத்திவைப்பதை ஆதரிப்பவர்கள் அமெரிக்காவின் புளோரிடாவைக் காட்டுவார்கள். மூன்றாம் வகுப்பில் வாசிப்புத் தேர்வு தேறாதவர்களை நிறுத்தும் சட்டம் அங்கே 2002இல் வந்தது. ஆனால் அப்படி நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் 90 நிமிடம் வாசிப்புப் பயிற்சியும், நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் என்று பெயரெடுத்த ஆசிரியரும், விடுமுறையில் வாசிப்பு முகாமும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவ்வளவு செய்தும், பின்னாளில் ஆராய்ந்து பார்த்தபோது, ஒத்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அந்த முன்னேற்றம் சில வருடங்களில் கரைந்துபோயிருந்தது. ஒரே வகுப்பில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் மட்டும் நீடித்தது. மிசிசிபியிலும் 2013இல் இதேபோல ஒரு சட்டம் வந்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த அந்த மாநிலம் 2019இல் தேசிய சராசரியை எட்டியது. அங்கேயும் ஆசிரியர்களுக்கு எழுத்து–ஓசைப் பயிற்சி, பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் வந்தன. இந்த உதவிகளை விட்டுவிட்டுத் தண்டனையை மட்டும் எடுத்துக்கொள்ளும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பெரிய வகுப்புகளில் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் படிப்பையே விட்டுவிடுவது கூடியதாகச் சிகாகோவில் நடந்த ஆய்வு காட்டியது.

சரி, இப்போது உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் எந்த இடத்தில் சறுக்குகிறான் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இதற்குப் பாடப்புத்தகம் வேண்டாம், அதில் பாதி மனப்பாடமாகியிருக்கும். அவன் பார்த்திராத, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நடுவில் திருத்த வேண்டாம். எந்த எழுத்தில் நிற்கிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒ, ஓ வரிசைகளில் தடுமாறுகிறானா? மெய்யெழுத்து நடுவில் வந்தால் விட்டுவிடுகிறானா? நீளமான சொல்லின் முதல் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிறானா? அப்புறம் 'கொடிமு', 'தேனுப' மாதிரி பொருளே இல்லாத சில சொற்களை எழுதிக் காட்டுங்கள். ஊகிக்க வழியில்லாததால், எழுத்தை உண்மையிலேயே சேர்க்கத் தெரிகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, இன்னொரு கதையை நீங்களே வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டதைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறான் என்றால் அவனுக்கு மொழியில் குறை இல்லை, எழுத்தைச் சேர்ப்பதில்தான் சிக்கல். கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளத்தைக் கூட்ட வேண்டும். தினமும் கதை சொல்லி, பேச்சுக் கொடுத்து, நிறைய வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பல பள்ளிகளில் இரண்டையும் 'வாசிப்பு வீக்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

கண்ணையும் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை அப்படியே பழகிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குறிப்புகளோடு வகுப்பாசிரியையைப் போய்ப் பாருங்கள். புகார் சொல்லும் தொனி வேண்டாம். அவரும் தனியாளாக வகுப்பு முழுவதையும் சமாளிக்கிறார். "பையன் நான்காம் வகுப்புக்குப் போகட்டும். ஆனால் தினமும் ஒரு பாடவேளை அவன் வாசிப்பு நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைக்க முடியுமா?" என்று கேளுங்கள். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்துகாட்டிய முறை இது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கும் நிலையை வைத்துப் பிரித்துத் தினமும் சிறிது நேரம் பயிற்சி கொடுப்பார்கள். முறையான ஆய்வுகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் புத்தகம்கூட அதிகம் வேண்டாம். தலைமையாசிரியர் கால அட்டவணையில் இடம் ஒதுக்கினால் போதும்.

வீட்டில் தினமும் பதினைந்து, இருபது நிமிடம் போதும். அவன் சறுக்கும் எழுத்து வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னப் பத்தியை நீங்கள் ஒருமுறை, அவன் ஒருமுறை, இருவரும் சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். அதே பத்தியை மறுநாளும் வாசிக்கலாம். களைத்துப்போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதம் இப்படி ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் பரிசோதித்துவிடுங்கள். எழுத்தை வாசிப்பதையே கடினமாக்கும் டிஸ்லெக்சியா என்ற குறைபாடாக இருந்தால் அதற்கென்று தனிப் பயிற்சி முறை உண்டு. சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

இந்தப் பேச்செல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். தான் மக்கு என்று அவன் முடிவு செய்வதற்கு முன்னால், "உனக்கு இந்த வரிசை எழுத்துதான் தகராறு பண்ணுது, நாம ரெண்டு பேரும் சேர்ந்து சரிபண்ணலாம்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.