பெட்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்

வாசகர் கேள்வி–பதில். பயணிகள் கப்பல்களில் 19 வருடம் அறைப் பணியாளராக வேலைசெய்து, இப்போது திருகோணமலையில் ஓய்வாக இருப்பவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

நானும் கணவரும், அவுஸ்திரேலியாவில் இருந்து வரும் மகளின் குடும்பமும் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பப் போகிறோம். 5 இரவு. எங்கள் வீட்டில் ஒரு கலியாணத்துக்கு மட்டக்களப்பு போவதென்றாலே 3 பெட்டி கட்டுவோம். இதற்கு எத்தனை பெட்டி, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

ரீச்சர், ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு கைப்பை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் எத்தனை பெட்டி என்பதை விட, எதை எதற்குள் வைப்பது என்பதுதான் பெரிய விசயம்.

கப்பல் பயணத்தில் பெட்டியும் நீங்களும் இரண்டு தடவை பிரிவீர்கள். முதல் தடவை ஏறும் அன்று. சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்தில் மத்தியானம் பெட்டியைக் கையளித்தால், அது ஸ்கான் இயந்திரத்துக்குள்ளால் போய், கூண்டு வண்டியில் ஏறி, ஒவ்வொரு தட்டாகப் பிரிந்து உங்கள் அறை வாசலுக்கு வர மாலையாகிவிடும். சிலருக்கு இராச்சாப்பாடு முடிந்த பிறகுதான் வரும். அதுவரைக்கும் கையில் இருப்பதுதான் உங்கள் வீடு. கடவுச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர், ஒரு மாற்றுடுப்பு, பேரப்பிள்ளைகளின் நீச்சல் உடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கவேண்டும். நீச்சல் தடாகத்தைக் கண்ட பிள்ளையிடம் "பெட்டி வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து. ஒரு நாள் மாலை 6 மணிக்கு ஓர் அம்மா நடைவழியில் என்னைப் பிடித்தார். இன்சுலின் பெரிய பெட்டிக்குள், பெட்டியைக் காணவில்லை. கீழ்த்தட்டில் இருநூறு பெட்டிக்கு மேல் குவிந்து கிடந்தன, முக்கால்வாசி கறுப்பு. நானும் இன்னொரு பெடியனும் கைவிளக்கோடு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்தோம். கிடைத்தபோது 7 மணி தாண்டிவிட்டது. ஆகவே பிறசர், சீனி வருத்தக் குளிசைகளை மருந்துச் சிட்டையோடு கைப்பையில் வையுங்கள். விமானத்திலும் அப்படித்தான். சரக்கறையில் போகும் பெட்டிக்குள் இன்சுலின் உறைந்து பழுதாகிவிடக் கூடும்.

இரண்டாவது பிரிவு கடைசி இரவு. நிற அட்டை தருவார்கள். அதைக் கட்டி நள்ளிரவுக்கு முன் பெட்டியை வாசலில் வைத்தால், அடுத்த நாள் காலை முனையத்தில்தான் அதைக் காண்பீர்கள். இதில்தான் படித்தவர்களும் சறுக்குவார்கள். ஒருவர் காலை 6 மணிக்கு மணியடித்தார். போய்ப் பார்த்தால் மேலே சேட், கோட், கழுத்துப்பட்டி, இடுப்பில் கப்பல் துவாய். காற்சட்டை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாராம். என்னுடைய வேலைக் காற்சட்டை ஒன்றைக் கொடுத்தேன். அவர் நல்ல உயரம். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தெரிய, முகத்தை நேராக வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தக் காற்சட்டை திரும்பி வரவில்லை. அதனால் கடைசி நாளுக்கு உரிய உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் முதலில் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பெட்டியை மூடுங்கள். முடிந்தால் உடுத்துக்கொண்டே மூடுங்கள்.

உடுப்பைப் பற்றி: 5 இரவுக்கு 5 சேலை தேவையில்லை. பெரிய விருந்து இரவு ஒன்றோ இரண்டோ இருக்கும், அதற்கு ஒரு பட்டு. மற்ற நாட்களுக்குச் சுருக்கம் விழாத ஜோர்ஜெட், சல்வார். சேலையை மடிக்காமல் சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம், மடிப்புக் கோடும் விழாது. கணவரைக் கோட் போடச் சொல்லி வருத்தவேண்டாம். பட்டு வேட்டி கட்டி விருந்துக்கு வந்தவரை வாசலில் மறித்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அரைக்காற்சட்டையோடு வந்தவர்களை மறித்திருக்கிறார்கள்.

ஸ்திரிக்கைப் பெட்டி, சிறிய கேத்தல், பிளக் நீட்டி மூன்றையும் கொண்டுபோக நினைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?
– வாசகர், தம்பலகாமம்

வரும் தம்பி. ஸ்திரிக்கைப் பெட்டி, கேத்தல் மாதிரிச் சூடாகும் சாமான்களைக் கப்பல் விடாது. வீட்டில் நெருப்புப் பிடித்தால் வாசலுக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது? ஸ்கானில் ஸ்திரிக்கைப் பெட்டி தெரிந்தால் முழுப் பெட்டியையுமே ஓர் அறையில் நிறுத்திவைத்து, உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். மற்றவன் சாப்பிடப் போகும் நேரத்தில் நீங்கள் அங்கே வரிசையில் நிற்பீர்கள். பொருளைக் கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். பிளக் நீட்டியிலும் பல கம்பனிகள் இப்போது கடுமை. மின்னழுத்தம் திடீரென்று ஏறும்போது காக்கும் தடுப்பு உள்ளது என்றால் கட்டாயம் எடுத்துவிடுவார்கள்.

எங்கள் மூன்று தடித்த சதுரக் கால் பிளக்கும், பழைய உருண்டைக் கால் பிளக்கும் கப்பல் சுவரில் பெரும்பாலும் பொருந்தா. அங்கே அமெரிக்கத் தட்டைக் கால் துளையும் ஐரோப்பிய இரட்டை உருண்டைத் துளையும்தான் வழக்கம். மாற்றி ஒன்று, நாலு யுஎஸ்பி வாய் உள்ள சார்ஜர் ஒன்று போதும். சேட் கசங்கியிருந்தால் குளியலறையில் தொங்கவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். கால் மணித்தியாலத்தில் கசங்கல் இறங்கிவிடும்.

கப்பல் அறை கோழிக்கூடு மாதிரி என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளோடு எப்படி ஒழுங்காக வைத்திருப்பது, அண்ணை?
– குடும்பத்தலைவி, நிலாவெளி

கோழிக்கூடு என்பது கொஞ்சம் கூட, தங்கச்சி. ஆனால் சாதாரண அறை 15, 17 சதுர மீற்றர்தான், குளியலறையும் அதற்குள்ளே. நான் ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினெட்டு அறை துப்புரவாக்கியவன். கதவைத் திறந்த உடனே எனக்குத் தெரியும் இந்தக் குடும்பம் சண்டை பிடிக்குமா, பிடிக்காதா என்று. பெட்டியைத் திறந்தபடி நிலத்தில் வைத்து அதற்குள்ளிருந்தே வாழ்பவர்கள் மூன்றாம் நாள் ஒருவரையொருவர் முறைப்பார்கள். ஏறிய அன்றே அரை மணித்தியாலம் செலவழித்து உடுப்பு முழுவதையும் அலுமாரிக்கும் இலாச்சிக்கும் மாற்றிவிட்டு, வெறும் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுங்கள். அதற்கென்றுதான் அந்தக் கட்டிலை உயர்த்திச் செய்திருக்கிறார்கள். அலுமாரியில் உயிர்காப்பு அங்கி இருந்தால் அதன் மேல் ஒன்றையும் குவிக்க வேண்டாம்.

பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவர் இரும்புத் தகடு. பலபேருக்கு இது தெரியாது. காந்தக் கொளுக்கி ஆறேழு வாங்கிக்கொண்டு போங்கள். தொப்பி, கைப்பை, பிள்ளைகளின் ஈரத்துணிப் பை எல்லாம் சுவரில் ஏறிவிடும், நிலம் மிஞ்சும். இன்னொன்று, நீங்களே தைக்கலாம். பழைய படங்குத் துணியில் இரண்டு முழ நீளம் வெட்டி, பன்னிரண்டு பொக்கற் தைத்து, குளியலறைக் கதவில் தொங்கவிடுங்கள். பற்தூரிகை, சூரியக் களிம்பு, சார்ஜர் வயர், பெரிய பிள்ளைக்கு ஒரு வரி, சின்னவருக்கு ஒரு வரி. எங்கள் வீட்டில் அது இப்போது குசினிக் கதவில் தொங்குகிறது, மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறா.

ஈர உடுப்பைப் பல்கனியில் காயப்போடாதீர்கள். காற்றுக் கொண்டுபோய்விடும். காற்று விட்டாலும் உப்புப் பிசுபிசுப்பு விடாது. குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

அறைச் சாவி அட்டைக்கு வாசலருகே ஒரே ஒரு கொளுக்கி. ஆபத்து வேளையில் எங்கே கூடவேண்டும் என்ற இலக்கம் பெரும்பாலும் அந்த அட்டையிலேயே இருக்கும். 2012 இல் இத்தாலிக் கரையோரம் கொஸ்ரா கொன்கோடியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சரிந்தபோது, அன்று ஏறிய பலர் ஆபத்து வேளைப் பயிற்சி எடுக்காமலே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட கையோடு பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறி, 2015 இல் நடைமுறைக்கு வந்தது. சாமான் அடுக்குவதை அந்த நேரம் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு போய்விடுங்கள்.

கடல் ஆட்டத்துக்கு என்ன கொண்டுபோவது?
– மூதூர் வாசகர்

மூதூர்ப் படகில் ஏறி இறங்கியவருக்கு இது பெரிதல்ல. வைத்தியரிடம் கேட்டு வாங்கிய குளிசை, இஞ்சி இனிப்பு இரண்டும் கைப்பையில். குளிசையைத் தலை சுற்றத் தொடங்கியபின் அல்ல, முன்னதாகவே எடுக்கவேண்டும். அறை பதிவு செய்யும்போதே நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் இறங்கிச் சுற்றுவதற்கு எந்தப் பை நல்லது?
– மாணவர், கிண்ணியா

2023 இல் சென்னையில் இருந்து கோர்டேலியா கம்பனியின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது, வேடிக்கை பார்க்கக் கோணேசர் கோயிலடிக்குப் போனேன். பழக்கம் விடுமா? இறங்கியவர்கள் கொண்டுவந்த பைகளைத்தான் பார்த்தேன். ஒருவர் கடையில் தரும் பிளாஸ்ரிக் பையில் வாழைப்பழம் கொண்டுவந்தார். கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் மான்களைப் பற்றி அவருக்கு யார் சொல்வது? பை கிழிந்து, பழம் மானின் வாயில். இன்னொரு அம்மா கட்டுச் சப்பாத்து. கோயில் வாசலில் குனிந்து நாடா அவிழ்த்து, திரும்பக் கட்டி, பிறகு மத்தியான வெயிலில் கல்லில் கால் வைக்க முடியாமல் துள்ளினார்.

முதுகில் போடும் சிறிய பை, வாய் மூடியது. தண்ணீர்ப் போத்தல், தோள் மூடும் சால்வை, கழற்றிப் போட இலகுவான செருப்பு, கோயில் கல்லுக்கு ஒரு சோடி பழைய காலுறை, சாவி அட்டை, அடையாளப் பத்திரம். கப்பலில் இருந்து பழமோ சமைத்த சாப்பாடோ கரைக்குக் கொண்டுபோகாதீர்கள், பல நாடுகளில் தண்டம்.

கைக்கடிகாரம் ஒன்றும் கட்டுங்கள். புக்கெட் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கக்கூடும். போனைப் பார்த்து 5 மணி என்று ஆறுதலாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தால், கப்பலில் 6 மணியாகி ஏணியைத் தூக்கிவிடுவார்கள். கடலில் இருக்கும்போது போனை ஏர்பிளேன் மோட்டில் போட்டுவிடுங்கள். கப்பலின் செய்மதி வலையமைப்பில் தவறிப் பேசினால் பில்லைப் பார்க்க இன்னொரு குளிசை தேவைப்படும்.

அப்பா வெற்றிலை போடுபவர். அவருக்கு வேண்டியதையும், கொஞ்சம் இடித்த சம்பலையும் கொண்டுபோகலாமா?
– வாசகி, சாம்பல்தீவு

புகையிலையை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். வாயில் போடும் புகையிலை சிங்கப்பூருக்குள் தடை, சூயிங்கமும் அப்படித்தான். வீட்டில் செய்த சாப்பாட்டைக் கப்பல்கள் பொதுவாக ஏற்பதில்லை, கடையில் முத்திரை வைத்து அடைத்த உலர் பொருள் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். சாப்பாட்டு மேசையில் மிளகாய் கேட்டால் தருவார்கள். சமையலறையில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள், தமிழில் கேட்டால் கூடத் தருவார்கள்.

எண்ணெய்ப் போத்தல் மட்டும் வேண்டாம். நான் முதன்முதல் கப்பலுக்குப் போனபோது அம்மா நல்லெண்ணெய்ப் போத்தலைச் சறத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தா. மூடி கழன்றுவிட்டது. புது வெள்ளைச் சேட் நாலும் மஞ்சள். 9 மாத ஒப்பந்தம் முடியும் வரைக்கும் அந்தப் பெட்டியைத் திறந்தால் எங்கள் குசினிதான்.

எல்லாப் பெட்டியும் கறுப்பாக இருக்கும் என்கிறீர்கள். எங்கள் பெட்டியை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், அனுராதபுரச் சந்தி

கைபிடியில் ரிபன் கட்டுங்கள் என்று முன்பெல்லாம் சொல்வேன். போன தடவை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் கட்டியது போலவே சிவப்பு ரிபனோடு நாலு பெட்டி சுற்றி வந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பெண்பிள்ளையிடம் பேச்சும் வாங்கினேன். இப்போது மனைவியின் பழைய சேலைக் கரையைப் பின்னிக் கட்டுகிறேன். அப்படி ஒரு கிளிப்பச்சை வேறு யாரிடமும் இருக்காது என்று அவவே சொல்லுறா.