முதல் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டியவை: கார்டோமா கேள்வி – பதில்

என் அப்பாவுக்கு வயது 62. வால் எலும்புப் பக்கம் ஒரு வருடமாக வலி. இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்து ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்றார்கள். இப்போது மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ள, மறு ஸ்கேனில் சேக்ரம் எலும்பில் (வால் எலும்புக்கு மேலே, முதுகெலும்பின் அடிப்பகுதி) கட்டி, கார்டோமாவாக (முதுகெலும்பிலும் மண்டையோட்டின் அடியிலும் வரும் அரிய எலும்புப் புற்றுநோய்) இருக்கலாம் என்கிறார்கள். முதலிலேயே ஏன் தெரியவில்லை? பயாப்ஸி (சோதனைக்காகச் சிறிது திசு) எடுத்தால் பரவிவிடுமா?

இடுப்பு முதுகெலும்புக்காக எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சேக்ரத்தின் மேல் இரண்டு கண்டங்களோடு நின்றுவிடும். கட்டி அதற்குக் கீழே இருந்தால் படத்திலேயே வராது. அறுபது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தால் பெரும்பாலோருக்கு டிஸ்க் பிதுக்கம் ஏதாவது ஒன்று தென்படும். பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது. உட்கார்ந்தால் கூடும் வலி, புதிதாக வந்த மலச்சிக்கல், சிறுநீர் இறங்கத் தாமதம், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ‘சேக்ரம் முழுவதும் வால் எலும்பு வரை’ என்று கேட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டி முன்பக்கமாக மலக்குடலை நோக்கி வளர்வதால், ஆசனவாய் வழியே விரல் விட்டுப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனையிலேயே தட்டுப்படக்கூடும். கூச்சம் பார்த்து இதைத் தவிர்ப்பதால் மாதக்கணக்கில் காலம் போகிறது.

பயாப்ஸி கட்டாயம் வேண்டும். ஆனால் ஊசி போகும் பாதை முக்கியம். கார்டோமா ஜெல்லி போன்ற கட்டி. உறை கிழிந்தால் செல்கள் சிந்தி, சிந்திய இடத்தில் வேர்விடும். அதனால் சி.டி. பார்த்தபடி, முதுகுப் பக்கமிருந்து, உறையோடு கூடிய தடித்த ஊசியால் எடுப்பார்கள். பின்னால் அறுவை செய்யப்போகும் கோட்டிலேயே ஊசி நுழைந்தால், அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். ஆகவே அறுவை செய்யப்போகும் மருத்துவர் யார் என்பது பயாப்ஸிக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மலக்குடல் வழியாக எடுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அப்படி எடுத்தால் மலக்குடலின் ஒரு பகுதியையும் நீக்க நேரலாம். திசு ஆய்வில் ‘பிராக்கியூரி’ என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டார்களா என்று கேளுங்கள். கார்டோமாவை உறுதி செய்வது அதுதான்.

அறுவைக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர், மலக் கட்டுப்பாடு இருக்குமா?

சேக்ரத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களில் (மேலிருந்து எஸ்-1, எஸ்-2 என எண்ணுவார்கள்) எவை மிஞ்சும் என்பதைப் பொறுத்தது. இரண்டு பக்க எஸ்-2 வேர்களும், எஸ்-3இல் ஒரு பக்கமாவதும் தப்பினால் பெரும்பாலோருக்குக் கட்டுப்பாடு ஓரளவு திரும்பும். எஸ்-2 இரு பக்கமும் போனால், சிறுநீரைக் குழாய் விட்டு எடுப்பதும் மலத்துக்குத் தனி ஒழுங்கு ஏற்படுத்திக்கொள்வதும் வாழ்நாள் பழக்கமாகிவிடும். நரம்பைக் காப்பாற்ற வேண்டி கட்டியைத் துண்டு துண்டாக எடுக்கும்படி சில குடும்பங்கள் கேட்பதுண்டு. அப்படி எடுத்தால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். இரண்டாவது அறுவையில் அதே நரம்பும் போகக்கூடும். சுற்றிலும் ஆரோக்கியமான திசுவோடு ஒரே துண்டாக எடுப்பதே இங்கே சரியான இலக்கு.

இந்த அறுவையில் அதிகம் தொல்லை தருவது காயம். பெரிய குழி, ஆசனவாய்க்கு அருகாமை, முன்பே கதிர்வீச்சு பெற்றிருந்தால் ஆறாத தோல் என்று எல்லாம் சேர்ந்து தொற்றும் தையல் பிரிவதும் சகஜம். புட்டத் தசையையோ வயிற்றுத் தசையையோ திருப்பிக் குழியை நிரப்ப பிளாஸ்டிக் சர்ஜன் அறுவைத் திட்டத்திலேயே இருக்கிறாரா என்று கேளுங்கள்.

தங்கைக்கு (34) இரட்டைப் பார்வை. மண்டையோட்டின் அடியில் கிளைவஸ் எலும்பில் கட்டி. கார்டோமா அல்லது காண்ட்ரோசார்கோமா (குருத்தெலும்புப் புற்றுநோய்) என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மூக்கு வழியே எடுப்பது பாதுகாப்பானதா?

கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு கிளைவஸை ஒட்டியே ஏறுகிறது. அதனால்தான் இரட்டைப் பார்வை முதல் அறிகுறியாக வருகிறது. கார்டோமா பெரும்பாலும் நடுக்கோட்டில் தோன்றும். காண்ட்ரோசார்கோமா சற்றுப் பக்கவாட்டில். ‘டி-2’ என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் வெள்ளையாகப் பளிச்சிடும் என்பதால் ஸ்கேனை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது ஆபத்து. திசு ஆய்வில் பிராக்கியூரி, கெரட்டின் என்ற இரு புரதங்களும் இருந்தால் கார்டோமா. மண்டையோட்டடியில் வரும் காண்ட்ரோசார்கோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சிகிச்சைக்குப் பிறகான வாய்ப்பும் கார்டோமாவைவிட நன்றாகவே இருக்கும்.

கட்டி நடுவில் இருந்தால் மூக்கு வழி எண்டோஸ்கோப்பி நல்ல வழி. மூளையைத் தள்ளாமலே போய்ச் சேரலாம். காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்வது இது. இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. அதில் காயம் பட்டால் ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகும். உடனே ரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் வசதி அதே மருத்துவமனையில் இருக்க வேண்டும். கட்டி பக்கவாட்டில் காது நரம்புகளின் பக்கம் நீண்டிருந்தால் மண்டையோட்டைத் திறக்கும் அறுவையும் தேவைப்படலாம். கழுத்தோடு தலை சேரும் மூட்டெலும்பைப் பெரும்பகுதி எடுக்க நேர்ந்தால் தலையையும் கழுத்தையும் திருகாணி போட்டு இணைப்பார்கள்.

மூக்கு வழி அறுவை முடிந்து எட்டு நாள். குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போல் சொட்டுகிறது. சளிதானா?

தெளிந்த நீராக, குனிந்ததும் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் மூளைத் தண்டுவடத் திரவம் என்றே எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காத்திருந்தால் மூளையுறை அழற்சி வரக்கூடும். சுத்தமான குப்பியில் அரை மில்லி பிடித்துக் கொடுத்தால் ‘பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின்’ சோதனையில் உறுதியாகும். சர்க்கரை அளவு பார்க்கும் பழைய முறையை நம்ப முடியாது. அதுவரை மூக்கைச் சிந்தக்கூடாது, உறிஞ்சுகுழாயில் குடிக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலம் முக்கக்கூடாது.

மூக்கின் நடுச்சுவரிலிருந்து ரத்த ஓட்டத்தோடு எடுக்கும் சவ்வு மடிப்பால் ஓட்டையை மூடும் முறை வந்த பிறகு இந்தக் கசிவு வெகுவாகக் குறைந்துள்ளது. இருந்தும் மடிப்பு நகர்ந்தால் திரும்பவும் மூட வேண்டிவரும். இன்னொன்று: முதல் இரண்டு வாரங்களில் தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் கசிவை மட்டும் தேடாமல் ரத்த சோடியமும் பாருங்கள். கட்டி பிட்யூட்டரியைத் (மூளையடியில் உள்ள ஹார்மோன் சுரப்பி) தொட்டிருந்தால் சோடியம் இறங்கக்கூடும். நேர்மாறாக, அளவுக்கு மீறித் தாகமும் சிறுநீரும் என்றால் சோடியம் ஏறக்கூடும்.

முழுதும் எடுத்தாச்சு என்றார்கள். பிறகு எதற்குப் புரோட்டான் கதிர்வீச்சு? கீமோ போதாதா?

வழக்கமான கார்டோமாவுக்கு கீமோ பெரிதாகப் பலன் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மிச்சம் மண்டையோட்டடியில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அதை அடக்க 70 கிரேக்கு (கதிர்வீச்சின் அளவை) மேல் தேவை. ஆனால் மூளைத்தண்டும் பார்வை நரம்பும் பாதுகாப்பாகத் தாங்குவது 60ஐ ஒட்டிய அளவே. புரோட்டான் துகள்கள் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடுவதால் இந்த இடைவெளியைச் சமாளிக்க முடிகிறது. எனவே கட்டியை மூளைத்தண்டிலிருந்து சில மில்லிமீட்டராவது விலக்கிவைப்பதும் அறுவையின் வேலை. இதை முன்கூட்டியே கதிர்வீச்சு மருத்துவரோடு பேசியிருக்க வேண்டும். முதுகெலும்பில் திருகாணி போடுவதாக இருந்தால் டைட்டானியத்துக்குப் பதில் கார்பன் இழை கிடைக்குமா என்று அறுவைக்கு முன் கேளுங்கள். டைட்டானியம் ஸ்கேனை மறைக்கும், கதிர்வீச்சுக் கணக்கையும் குழப்பும்.

கார்டோமா பத்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. முதல் சில வருடங்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., பிறகு வருடம் ஒருமுறை. மண்டையோட்டடிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் ஹார்மோன், செவித்திறன் சோதனைகளையும் வருடந்தோறும் செய்துகொள்ள வேண்டும்; பிட்யூட்டரி தளர்வு வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.