பெண்களுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. சிகரெட், சாராயம் எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் புகையிலை போடுவார். 3 மாதமாக இட்லி, தோசை நெஞ்சில் நிற்கிறது என்கிறார். 2 முறை தொக்கம் (சிக்கிய உணவை வாயால் உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுத்தாயிற்று. கிளினிக்கில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். ‘உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆண்களுக்குத்தான் வரும், பயப்படாதே’ என்கிறார்கள் உறவினர்கள். உண்மைதானா?

பதில்: இல்லை. ஆண்களுக்கு அதிகம் என்பது சரி. உலக அளவில் இந்த நோய் வரும் 10 பேரில் ஏறக்குறைய 7 பேர் ஆண்கள். அப்படியென்றால் மீதி 3 பேர் பெண்கள்தானே?

இதில் 2 வகை உண்டு. நீண்ட நாள் நெஞ்செரிச்சலும் உடல் பருமனும் உள்ளவர்களுக்குக் குழாயின் அடிப்பகுதியில் வருவது ஒன்று. அமெரிக்கா, இங்கிலாந்தில் அதுதான் அதிகம். அங்கே ஒரு பெண்ணுக்கு அது வந்தால் 6, 7 ஆண்களுக்கு வருகிறது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது மற்றது, குழாயின் உள்தோலில் வருவது. புகையிலை, மது, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது, பாக்கு ஆகியவற்றோடு சேர்ந்தது இது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஈரானின் கோலஸ்தான் பகுதியில் பெண்கள் புகைப்பதும் குடிப்பதும் மிகக் குறைவு. அங்கே இந்த நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ சமமாக வருகிறது. ஆகவே அம்மா சிகரெட் தொட்டதில்லை என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். வாயில் ஊறும் புகையிலைச் சாறு எச்சிலோடு அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்குகிறது.

பெண்களுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மாட்டேன். பல வருடம் இரும்புச்சத்து இல்லாமல் இரத்தசோகையோடு இருக்கும் பெண்களில் சிலருக்கு, உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு ஒன்று படர்கிறது. பிளம்மர் வின்சன் என்பார்கள். நாக்கு வழவழப்பாகிவிடும், கடைவாய் ஓரம் வெடிக்கும், நகம் கரண்டி போல் குழியும். மாத்திரை கூடத் தொண்டையில் தங்கும். இரும்புச்சத்து ஏற்றினாலே சிலருக்கு இது சரியாகும். சிலருக்குச் சவ்வை விரித்துவிட வேண்டியிருக்கும். ஆனால் கவனிக்காமல் விட்டால் வருடங்கள் கழித்து அதே இடத்தில் புற்றுநோய் வரக்கூடும். குரல்வளைக்குப் பின்னால் வரும் அந்தப் புற்றுநோய் பெண்களிடம்தான் அதிகம். அதனால் அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். ‘பொம்பளைங்களுக்கு இரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொரு வேறுபாடு நம் வீடுகளில் இருக்கிறது. அப்பாவுக்குச் சோறு விக்கினால் வீடே பார்க்கும். அம்மா கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறார். இட்லி இறங்கவில்லை என்றால் குழைந்த சோறு, அதுவும் முடியாவிட்டால் கஞ்சி என்று யாரிடமும் சொல்லாமல் மாறிவிடுவார். குழாய் பாதிக்கு மேல் சுருங்கிய பிறகுதான் திட உணவு தங்கவே ஆரம்பிக்கும். அதற்குமேல் 3 மாதம் என்பது நீண்ட காலம்.

இப்போது தொக்கம். வயிற்றிலோ தொண்டையிலோ வாயை வைத்து உறிஞ்சி, ஒரு எலும்புத் துணுக்கையோ பழத்தோலையோ எடுத்துக் காட்டுகிறார்கள். தயவு செய்து யோசியுங்கள். 3 மாதம் ஒரு துண்டு உணவு குழாயை அடைத்து நிற்க முடியாது. நின்றால் எச்சிலைக்கூட விழுங்க முடியாது. அவர்கள் காட்டுவது அம்மாவின் வயிற்றில் இருந்து வந்தது அல்ல. எடுத்த பிறகு சில நாள் கஞ்சி குடிக்கிறோம், கஞ்சி இறங்குகிறது, குணமானதாக நினைக்கிறோம். என்னிடம் கடைசிக் கட்டத்தில் வந்த எத்தனையோ பெண்கள் இப்படி 4, 5 மாதத்தைத் தொலைத்தவர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. மூன்றாவது முறை போகாதீர்கள்.

கேஸ் மாத்திரை போட்டு நாளைக் கடத்தியதும் போதும். விழுங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் முதல் பரிசோதனை எண்டோஸ்கோபிதான், அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்ப்பது. சில நிமிட வேலை. எக்ஸ்ரேயோ, வயிற்று ஸ்கேனோ, ‘கேன்சர் ரத்த டெஸ்ட்’ என்று விற்கப்படுவதோ அதற்கு ஈடாகாது. அப்போது பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பயமுறுத்துவார்கள், பரவாது. மருத்துவமனை வாசலில் நின்று ‘பெட் ஸ்கேன் பேக்கேஜ்’ (உடலில் நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன்) பேசும் ஆட்களிடம் பணம் கட்டாதீர்கள். துணுக்கின் முடிவு வந்த பிறகு தேவையானதை மருத்துவரே சொல்வார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எண்டோஸ்கோபி இருக்கிறது. சில இடங்களில் 2, 3 வாரம் கழித்துத் தேதி தருகிறார்கள். சோறு இறங்காத ஒருவரை நெஞ்செரிச்சல்காரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவதை எத்தனையோ கூட்டங்களில் எதிர்த்துப் பேசிவிட்டேன், மாறவில்லை. எனவே சீட்டு எழுதும் இடத்திலேயே ‘திட உணவு இறங்கவில்லை, எடை குறைகிறது’ என்று அழுத்திச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் வாங்கலாம். அட்டைக்குக் கட்டணம் இல்லை. புரோக்கருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

எண்டோஸ்கோபியில் வேறு காரணமும் தெரியலாம். விழுங்க முடியாத எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் அறுவை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் ஆணுக்குப் போலவேதான். கீமோவில் வாந்தி, வயிற்றுப்போக்கு பெண்களுக்குச் சற்று அதிகம் வரும். அம்மா பொறுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். முந்தின நாள் திரவ உணவு மட்டும், அப்புறம் இரவு முதல் வெறும் வயிறு. எந்த மாதம் இட்லியை விட்டார், எப்போது சோற்றைக் குழைக்க ஆரம்பித்தார், பழைய ரவிக்கை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.